கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே சீரியல் கேபிள்: நாமே கட்டுவது எப்படி

எங்கள் பக்கம், கம்பத்திலும் கூடலூரிலும், விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறிவிடும், எல்லாம் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு. டூல் பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் அதில் ஓர் ஓரமாக உட்கார்ந்து போவதுண்டு. வண்டன்மேடு, புற்றடி பக்கத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்கள் சிலவற்றில் சீரியல் போர்ட் வைத்த ஜிஎஸ்எம் மோடம்கள், அதாவது சிம் போட்டு டவர் வழியாக மெசேஜ் அனுப்பும் கருவிகள், இன்னமும் வேலை செய்கின்றன. உலர்த்தும் அறையின் சூட்டைக் கம்ப்யூட்டர் படிக்கும், சூடு ஏறினாலோ இறங்கினாலோ மோடம் வழியாக முதலாளிக்கு எஸ்எம்எஸ் போகும், அவ்வளவுதான் ஏற்பாடு. காய் பச்சை மாறாமல் காய வேண்டுமென்றால் ராத்திரி முழுக்க சூடு ஐம்பது டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். கூடிப்போனால் நிறம் வெளுத்துவிடும், அப்புறம் புற்றடியிலோ போடியிலோ ஏலத்துக்கு வைக்கும்போது விலையும் இறங்கிவிடும்.

ஓர் ஆடி மாதம், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த நாளில், அப்படி ஒரு ஸ்டோரில் மோடம் கேபிளை எலி கடித்துவிட்டது என்று போன் வந்தது. போகிற வழியில் ஒரு கடையில் ரெடிமேட் கேபிள் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு முனையும் கச்சிதமாகப் பொருந்தின, ஸ்க்ரூவை முடுக்கினேன், ஆனால் மோடம் வாயே திறக்கவில்லை. ஸ்பீடை மாற்றிப் பார்த்தேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், மோடத்தைக் கழற்றி மாட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்குப் பையில் மல்டிமீட்டர் இல்லை. மறுநாள் வீட்டில் அந்தக் கேபிளை மீட்டரில் வைத்தபோதுதான், உள்ளே 2-ஆம் வயரும் 3-ஆம் வயரும் குறுக்கே மாற்றிக் கட்டப்பட்டிருந்தது தெரிந்தது. இரண்டு கம்ப்யூட்டர்களை நேருக்கு நேர் இணைப்பதற்கான கேபிள் அது. வழக்கமாக அந்த வகைக்கு இரண்டு முனையும் பெண்ணாக, அதாவது துளை உள்ளதாக இருக்கும், இதிலோ ஒரு முனை ஆணாக, ஊசி உள்ளதாக இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை, மூடியும் வார்த்து ஒட்டியது, பிரித்துப் பார்க்க வழியில்லை. அந்த ராத்திரி ஸ்டோர் காவல்காரர் மணிக்கொரு தடவை எழுந்து போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்துப் போனில் படித்துச் சொன்னார். அதிலிருந்து மோடம் கேபிளை நானே கட்டுகிறேன். கேபிள் கட்டுவது கஷ்டமான வேலையே இல்லை, ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குறுக்கே மாற்றக் கூடாது

கனெக்டரில் உள்ள ஊசிக்கும் துளைக்கும் பின் என்று பெயர். கம்ப்யூட்டர் அனுப்பும் பின்னின் பெயர் டிஎக்ஸ்டி, வாங்கும் பின்னின் பெயர் ஆர்எக்ஸ்டி. ஒரு பக்கம் அனுப்புவது மறுபக்கம் வாங்குவதோடு சேர வேண்டும், ஆகவே டிஎக்ஸ்டியை ஆர்எக்ஸ்டியோடு குறுக்கே மாற்றிக் கட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். மோடத்தைப் பொறுத்தவரை இது தப்பு. சீரியல் போர்ட்டுகள் பின்பற்றும் ஆர்எஸ்-232 முறையை அமெரிக்காவில் 1960-இல் வகுத்ததே கம்ப்யூட்டர் மாதிரியான ஒரு முனைக் கருவியையும் மோடத்தையும் இணைப்பதற்காகத்தான். அதில் பெயர்களை எல்லாம் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு வைத்திருக்கிறார்கள். மோடத்தின் மேல் டிஎக்ஸ்டி என்று எழுதியிருந்தால் அதற்கு "கம்ப்யூட்டர் அனுப்புவது இங்கே வந்து சேரும்" என்று அர்த்தம். குறுக்கே மாற்றும் வேலையை மோடம் செய்தவர்களே உள்ளே முடித்துவிட்டார்கள். நாம் செய்ய வேண்டியது ஒரு நம்பரை அதே நம்பரோடு சேர்ப்பது, அவ்வளவுதான். குறுக்கே மாற்றுவது கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசும்போதுதான் தேவை.

சரி, நம்மிடம் இருக்கும் கருவி மோடம் வகையா கம்ப்யூட்டர் வகையா என்று சந்தேகம் வந்தால்? எடைத்தராசு, பில் பிரிண்டர் எல்லாம் எந்தப் பக்கம் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு மீட்டரில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. கருவிக்கு மின்சாரம் கொடுத்து, எதையும் மாட்டாமல், மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை 5-ஆம் பின்னில் பிடித்துக்கொண்டு சிவப்பு முனையை 2-இலும் 3-இலும் மாறி மாறி வையுங்கள். சும்மா இருக்கும் நேரத்தில் அனுப்பும் பின் மைனஸ் வோல்ட்டில் நிற்கும், மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை ஏதாவது வரும். வாங்கும் பின்னில் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் இருக்கும். 3-இல் மைனஸ் வந்தால் அது கம்ப்யூட்டர் வகை, 2-இல் வந்தால் மோடம் வகை. இந்தச் சோதனை ஒன்பது பின் போர்ட்டுக்கானது, இருபத்தைந்து பின்னில் கறுப்பு முனையை 7-ஆம் பின்னில் வைக்க வேண்டும், 2, 3 இரண்டின் அர்த்தமும் அங்கே தலைகீழ். இரண்டு பின்னிலுமே மைனஸ் வோல்ட் இல்லை, 3 வோல்ட்டோ 5 வோல்ட்டோ பிளஸ்ஸில் வருகிறது என்றால் அது ஆர்எஸ்-232 போர்ட்டே இல்லை. கையடக்க ஜிஎஸ்எம் போர்டுகளில் ஊசி வரிசையாக நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ஊசிகள் இந்த ரகம். அதை நேராகக் கம்ப்யூட்டர் சீரியல் போர்ட்டில் கொடுத்தால் போர்டு போய்விடும், நடுவில் வோல்ட்டை மாற்றித் தரும் மேக்ஸ் 232 மாதிரி ஒரு சிப் வைத்த சின்ன அட்டை வேண்டும்.

பின் கணக்கு

கம்ப்யூட்டரில் இருக்கும் ஒன்பது பின் போர்ட் 1984-இல் ஐபிஎம் ஏடி கம்ப்யூட்டரோடு வந்தது, அதற்கு முன்பு இருபத்தைந்து பின். புது மோடம்களும் ஜிஎஸ்எம் மோடம்களும் பெரும்பாலும் ஒன்பது பின் வைத்தவை, போன் லைனில் போடும் பழைய வெளி மோடம்களில் இருபத்தைந்து பின்தான் அதிகம். இரண்டு பக்கமும் ஒன்பது என்றால் 1-க்கு 1, 2-க்கு 2, இப்படியே 9 வரை, மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. ஒரு பக்கம் ஒன்பது, மறுபக்கம் இருபத்தைந்து என்றால்தான் கீழே உள்ள கணக்கு வேண்டும். இடது பக்கம் கம்ப்யூட்டரின் ஒன்பது பின், வலது பக்கம் மோடத்தின் இருபத்தைந்து பின்.

1 → 8, டிசிடி, எதிர்முனையோடு இணைப்பு கிடைத்துவிட்டது என்று மோடம் சொல்வது
2 → 3, ஆர்எக்ஸ்டி, மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் செய்தி
3 → 2, டிஎக்ஸ்டி, கம்ப்யூட்டரிலிருந்து மோடத்துக்குப் போகும் செய்தி
4 → 20, டிடிஆர், கம்ப்யூட்டர் தயார்
5 → 7, கிரவுண்ட்
6 → 6, டிஎஸ்ஆர், மோடம் தயார்
7 → 4, ஆர்டிஎஸ், கம்ப்யூட்டர் "எனக்கு அனுப்பலாம்" என்பது
8 → 5, சிடிஎஸ், மோடம் "எனக்கு அனுப்பலாம்" என்பது
9 → 22, ஆர்ஐ, மணி அடிக்கிறது

இந்தப் பட்டியலில் 2, 3-க்கும் 3, 2-க்கும் போவதைப் பார்த்துவிட்டு "இதோ குறுக்கே மாற்றியிருக்கிறதே" என்று சொல்லாதீர்கள். இருபத்தைந்து பின் கனெக்டரில் டிஎக்ஸ்டிக்கு நம்பர் 2, ஒன்பது பின்னில் 3. நம்பர்தான் மாறுகிறது, டிஎக்ஸ்டி டிஎக்ஸ்டியோடுதான் சேர்கிறது.

மூன்றே வயரில், அதாவது 2, 3, 5 மட்டும் கட்டி வேலையை முடிப்பவர்கள் நிறைய. வயர் மிச்சம், சால்டரும் மிச்சம். குட்டி எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பும் ஜிஎஸ்எம் மோடத்துக்கு அது ஓடிவிடும், அதிலும் மலிவான மோடம்களில் உள்ளேயே அந்த மூன்று பின்னுக்கு மட்டும்தான் இணைப்பு இருக்கும். ஆனால் போன் லைன் மோடத்தில் மூன்று வயர் போதவே போதாது. கம்ப்யூட்டர் மோடத்துக்கு 115200 வேகத்தில் கொட்டும், மோடமோ லைனில் 33600-இல்தான் தள்ளும், நடுவில் மோடத்தின் வயிறு நிரம்பிவிட்டால் "கொஞ்சம் நிறுத்து" என்று சொல்ல 8-ஆம் வயர் வேண்டும். அது இல்லையென்றால் எழுத்துகள் நடுநடுவே காணாமல் போகும், முதல் பத்து வரி சரியாக வந்து பதினோராவது வரியில் பிசகும், கேபிள் மேல் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஒன்பது வயரும் கட்டுங்கள். என் கருத்தில் இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை, இரண்டு முனையிலும் ஆறு ஆறு சால்டர் கூடுதலாக வைப்பது பதினைந்து நிமிஷ வேலை.

என்னென்ன வேண்டும்

கம்ப்யூட்டரில் ஆண் கனெக்டர், ஊசிகள் நீட்டிக்கொண்டிருப்பது. மோடத்தில் பெண், துளைகள் உள்ளது. ஆக நம் கேபிளுக்குக் கம்ப்யூட்டர் முனையில் பெண், மோடம் முனையில் ஆண். சால்டர் வைக்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள், போர்டில் பதிக்கும் ரகத்தைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டுக்கும் பிளாஸ்டிக் ஹூட், அதாவது மூடி, நீள ஸ்க்ரூ இரண்டிரண்டு. வாங்கும் முன் மோடத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். சில ஜிஎஸ்எம் மோடம்களில் மூன்று வரிசையில் பதினைந்து பின் இருக்கும், மானிட்டர் கேபிள் மாதிரியே தெரியும். அதற்கு அதனுடன் வந்த கேபிள்தான் சரி, இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

கேபிளுக்கு ஷீல்டு, அதாவது உலோக வலை போட்ட ஒன்பது கோரோ (உள் வயர்) பத்து கோரோ வாங்கலாம். பழைய அளவுகோலில் 50 அடி, அதாவது 15 மீட்டர் வரை போகலாம் என்று வைத்திருந்தார்கள், நம் வேலைக்கு மூன்று மீட்டரே தாராளம். ஊரில் ஒன்பது கோர் கிடைக்காமல் பழைய லேன் கேபிள்தான் கையில் இருக்கிறது என்றால் அதில் எட்டு வயர் இருக்கிறது, 9-ஆம் பின்னை மட்டும் விட்டுவிட்டுக் கட்டலாம். ஒரு கவனம், லேன் கேபிளில் வயர்கள் ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும், 2-ஐயும் 3-ஐயும் ஒரே ஜோடியில் போடாதீர்கள், ஒன்றின் சத்தம் மற்றதில் கேட்கும். அடிக்கடி வளையும் இடத்தில் லேன் கேபிளே வேண்டாம், உள்ளே ஒற்றைக் கம்பி, வளைத்து வளைத்து ஒடிந்துவிடும்.

மற்றபடி 25 வாட் சால்டரிங் அயர்ன், கூர்முனை பிட், சால்டர் லெட், கொஞ்சம் பிளக்ஸ், மெல்லிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், வயர் கட்டர், மல்டிமீட்டர். இவற்றோடு கூடுதலாக இதையும் வாங்கி வையுங்கள், உபரி ஆண் கனெக்டர் ஒன்று, உபரி பெண் ஒன்று. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

சால்டர் வைப்பது

சால்டர் வைக்கும் கனெக்டரின் முதுகுப் பக்கம் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும், பாதி வெட்டிய குழாய் மாதிரி. ஒவ்வொரு கிண்ணத்துக்குப் பக்கத்திலும் பிளாஸ்டிக்கிலேயே நம்பர் அச்சாகியிருக்கும், ஊசி முனை எழுத்து, சும்மா பார்த்தால் தெரியாது. போன் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் நிழல் விழுந்து தெரியும். அந்த நம்பரை மட்டும் நம்புங்கள். "இடப் பக்கம் முதலாவது 1" என்று மனசில் கணக்கு வைத்துக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள். ஆண் கனெக்டரை முதுகுப் பக்கம் பார்த்தால், ஐந்து பின் வரிசை மேலே இருக்கும்படி பிடித்தால், 1 வலது கோடியில் இருக்கும். பெண் கனெக்டரை அதே மாதிரி பிடித்தால் 1 இடது கோடியில் இருக்கும். ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி, புதிதாகக் கட்டுகிறவர்களின் கேபிளில் நான் பார்த்த தப்புகளில் பாதி இங்கேதான் நடந்தவை.

வயர் கலருக்கு எந்த விதியும் கிடையாது. நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், 1 பழுப்பு, 2 சிவப்பு, 3 ஆரஞ்சு என்று உங்கள் கேபிளில் என்ன கலர் இருக்கிறதோ அதன்படி. எழுதாமல் தொடங்காதீர்கள். குறிப்பாக வெளிர் நீலத்தையும் வெளிர் பச்சையையும் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பிரித்தறிய முடியாது.

மேல் தோலை இரண்டரை சென்டிமீட்டர் உரியுங்கள். உள் வயர்களில் நுனியை நாலு மில்லிமீட்டர் மட்டும். கூடுதலாக உரித்தால் பக்கத்துப் பின்னைத் தொடும். இனி உபரி கனெக்டரை எடுத்து நாம் சால்டர் வைக்கப்போகும் கனெக்டரின் முகத்தோடு செருகிக்கொள்ளுங்கள், அதாவது பெண்ணில் வைக்கும்போது உபரி ஆண், ஆணில் வைக்கும்போது உபரி பெண். சூட்டில் பிளாஸ்டிக் இளகி ஊசி சாய்ந்துவிடும், எதிர் கனெக்டர் செருகியிருந்தால் எல்லா ஊசியும் இருந்த இடத்திலேயே நிற்கும். அதை ஒரு கனமான பிடியிலோ இரண்டு செங்கலுக்கு நடுவிலோ அசையாமல் நிறுத்துங்கள்.

ஒவ்வொரு வயரிலும் முதலில் ஸ்லீவ் துண்டைக் கோத்துக் கேபிள் பக்கம் நன்றாகத் தள்ளிவிடுங்கள், கிட்டத்தில் இருந்தால் சூட்டில் அங்கேயே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு வயர் நுனியை அயர்னில் தொட்டு லெட்டைப் பூசுங்கள். கிண்ணத்தில் பாதி அளவுக்கு லெட்டை உருக்கி நிரப்புங்கள். இப்போது பிட்டைக் கிண்ணத்தின் வெளிப் பக்கத்தில் வைத்து, உள்ளே லெட் மினுமினுப்பாக உருகியதும் வயரை மெதுவாக இறக்கி, பிட்டை எடுத்து, மூன்று நொடி மூச்சுவிடாமல் பிடித்திருங்கள். ஆறும்போது கை அசைந்தால் சால்டர் சாம்பல் நிறமாக, சொரசொரவென்று இருக்கும். அது பிடிக்கவில்லை என்று அர்த்தம், திரும்ப உருக்கி வையுங்கள். நன்றாகப் பிடித்தது கண்ணாடி மாதிரி பளபளக்கும். 63-க்கு 37 என்று எழுதிய டின்-லெட் கலவை 183 டிகிரியில் சட்டென்று உருகிச் சட்டென்று இறுகும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் நல்லது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கீழ் வரிசையான 6 முதல் 9 வரை முதலில், மேல் வரிசை பிறகு. ஒரு முனை முழுவதும் முடிந்ததும் ஸ்லீவ்களைக் கிண்ணத்தின் மேல் இறக்கி லைட்டரால் லேசாகச் சூடு காட்டுங்கள். ஷீல்டு வலையை முறுக்கி ஒரு துண்டு வயர் வைத்துக் கம்ப்யூட்டர் முனையின் உலோகக் கூட்டோடு மட்டும் சேருங்கள், மோடம் பக்கம் வெட்டிவிடுங்கள். ஷீல்டை 5-ஆம் பின்னோடு சேர்க்க வேண்டாம். ஹூட்டின் உள்ளே கேபிளைப் பிடிக்கும் கிளிப் இருக்கும், அது மேல் தோலைத்தான் கவ்வ வேண்டும், உள் வயரை அல்ல. யாராவது காலில் இடறி இழுத்தாலும் இழுப்பு சால்டரில் விழக் கூடாது.

மாட்டுவதற்கு முன்

ஹூட்டை மூடுவதற்கு முன்பே மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒவ்வொரு நம்பரையும் பாருங்கள். 1-க்கு 1 பீப். அதோடு விடாதீர்கள். 1-ஐத் தொட்டபடியே மறுமுனையின் மற்ற எட்டையும் தொட்டு, எதிலும் பீப் வரவில்லை என்றும் பாருங்கள். இணைப்பு இருக்கிறதா என்று எல்லாரும் பார்க்கிறார்கள், ஷார்ட் இல்லையா என்று பார்ப்பவர்கள் குறைவு. கேபிளை ஆட்டிக்கொண்டே பாருங்கள்.

இப்போது கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் மாட்டுங்கள். சீரியல் போர்ட்டோடு பேசும் புரோகிராம், விண்டோஸ் என்றால் புட்டி, லினக்ஸ் என்றால் மினிகாம், எதையாவது திறந்து சரியான போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் அது காம் 1, காம் 3 என்று வரும், டிவைஸ் மேனேஜரில் நம்பர் தெரியும். லேப்டாப்பில் சீரியல் போர்ட் இல்லையென்றால் யுஎஸ்பியிலிருந்து மாற்றும் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம், அதுவும் ஆண் ஒன்பது பின்தான், கேபிளில் எந்த மாற்றமும் வேண்டாம். லினக்ஸில் போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை லாக்அவுட் ஆகி வாருங்கள். வேகம் 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், ஃப்ளோ கண்ட்ரோல் (மறுபக்கம் "நிறுத்து" என்றால் நிறுத்தும் ஏற்பாடு) இல்லை என்று வையுங்கள்.

கேபிளின் மோடம் முனையில் 2-ஆம் ஊசியையும் 3-ஆம் ஊசியையும் ஒரு சின்ன வயரால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏதாவது டைப் செய்யுங்கள். நீங்கள் அடித்த எழுத்து போய்த் திரும்பி வந்து திரையில் தெரிய வேண்டும். வயரை எடுத்தால் தெரியக் கூடாது. இந்த இரண்டும் நடந்தால் போர்ட், அடாப்டர், சாஃப்ட்வேர், கேபிளின் 2, 3 எல்லாம் நன்றாக இருக்கின்றன, இனி மோடம் பேசாவிட்டால் குறையை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். இந்த ஒரு சோதனை எனக்கு எத்தனையோ மலைப் பயணங்களை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

மோடத்தோடு பேசுவது

இரண்டையும் அணைத்துவிட்டு மோடத்தை மாட்டி, ஸ்க்ரூவைக் கையால் முடுக்கி, மின்சாரம் கொடுங்கள். ஆங்கிலத்தில் ஏ, டி என்ற இரண்டு எழுத்தை அடித்து என்டர் தட்டுங்கள். 1981-இல் ஹேஸ் மோடத்தோடு வந்த அதே கட்டளை, இன்றைய ஜிஎஸ்எம் மோடமும் அதற்கு ஓகே என்று பதில் சொல்லும். அந்த ஓகே திரையில் விழும் நொடிக்குத்தான் இத்தனை பாடும்.

வரவில்லையா? என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து யோசியுங்கள். குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் பொருந்தவில்லை, 115200, 19200 என்று மாற்றிப் பாருங்கள். அடிப்பது திரையில் தெரியாமல் ஓகே மட்டும் வந்தால் எதிரொலி அணைந்திருக்கிறது, ஏடிஇ1 என்று அடித்தால் வந்துவிடும். ஒன்றுமே வராவிட்டால் முதலில் ஃப்ளோ கண்ட்ரோலைப் பாருங்கள். சாஃப்ட்வேரில் ஹார்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோல் என்று இருந்து, மோடத்தின் உள்ளே 8-ஆம் பின்னுக்கு இணைப்பு இல்லையென்றால், கம்ப்யூட்டர் "அனுப்பலாம்" என்ற சொல்லுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும், ஓர் எழுத்தும் வெளியே போகாது. சாஃப்ட்வேரில் அந்த அமைப்பை மாற்ற முடியாத பழைய புரோகிராம் என்றால், கம்ப்யூட்டர் முனையில் 7-ஐயும் 8-ஐயும் ஒன்றாகச் சேர்த்து, 1, 4, 6 மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, மோடத்துக்கு 2, 3, 5 மட்டும் போகும்படி தனியாக ஒரு கேபிள் கட்டுங்கள். நல்ல கேபிளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன் லைன் மோடத்தில் நேர்மாறு, ஹார்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோல் கட்டாயம் வேண்டும். பேச்சு நடுவில் லைன் திடீரென்று அறுந்தால் 4-ஆம் பின்னின் சால்டரைப் பாருங்கள், கம்ப்யூட்டர் தயார் என்ற அடையாளம் ஒரு கணம் விட்டாலும் பெரும்பாலான மோடங்கள் லைனை வைத்துவிடும்.

ஜிஎஸ்எம் மோடம் ஓகே சொல்லிவிட்டு, மெசேஜ் அனுப்பும் நேரத்தில் மட்டும் செத்துப் பிழைத்தால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். டவரோடு பேசும் நொடியில் உள்ளே இருக்கும் ஜிஎஸ்எம் பகுதி 2 ஆம்பியர் வரை இழுக்கும், வலுவில்லாத அடாப்டர் அப்போது மடங்கிவிடும். மோடத்தின் மேல் எழுதியிருக்கும் அளவுக்குக் குறையாத அடாப்டர் போடுங்கள். சிம் விஷயமும் ஒன்று, பழைய மோடங்கள் 2ஜி, ஜியோவில் 2ஜி கிடையாது, அந்த சிம் பதிவே ஆகாது.

எல்லை மலையில்

எங்கள் மேட்டில் ஒரே அறையில் ஒரு மூலைக்குத் தமிழ்நாட்டு டவரும் மறு மூலைக்குக் கேரளத்து டவரும் கிடைக்கும். மாட்டி முடித்ததும் ஏடி+சிஎஸ்க்யூ அடித்து சிக்னலைப் பாருங்கள், 31-தான் உச்சம், 10-க்குக் கீழே என்றால் ஆண்டெனாவை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள், 99 என்றால் சிக்னலே தெரியவில்லை. அப்புறம் ஏடி+சிஆர்இஜி, பின்னால் ஒரு கேள்விக்குறி. பதிலில் கடைசி எண் 1 என்றால் சொந்த நெட்வொர்க், 5 என்றால் ரோமிங், இரண்டிலும் வேலை நடக்கும். கம்பத்தில் வாங்கிய சிம்மை வண்டன்மேட்டில் போட்டால் 5 வரலாம், பயப்படத் தேவையில்லை, ரோமிங்கில் மெசேஜ் போகும் திட்டம் அந்த சிம்மில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2 என்று வந்தால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது, இரண்டு நிமிஷம் பொறுங்கள். 3 என்றால் நெட்வொர்க் மறுத்துவிட்டது, சிம்மைத்தான் கவனிக்க வேண்டும்.

கம்ப்யூட்டரையும் மோடம் அடாப்டரையும் ஒரே பிளக் பாக்ஸில் செருகுங்கள். 5-ஆம் வயர் இரண்டு கருவியின் கிரவுண்டையும் நேராக இணைக்கிறது, இரண்டும் வேறு வேறு லைனில் இருந்து எர்த்தில் வித்தியாசம் இருந்தால் அந்த மெல்லிய வயர் வழியாகத்தான் மின்சாரம் ஓடப் பார்க்கும், போர்ட் கருகும். நான் இப்போது கட்டும் கேபிள் ஒவ்வொன்றிலும் இரண்டு முனையிலும் வெள்ளை டேப் சுற்றி "நேர் கேபிள், 9-9, கம்ப்யூட்டர் பக்கம்" "நேர் கேபிள், 9-9, மோடம் பக்கம்" என்று எழுதி, அதன் மேல் கண்ணாடி டேப் ஒட்டிவிடுகிறேன், மலை ஈரத்தில் மை கரையாமல் இருக்க. தரையோடு விடாமல் பிவிசி குழாய்க்குள் விட்டுச் சுவரில் அடித்துவிட்டால் எலிக்கும் எட்டாது. ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும் நாட்களில், வானம் கறுத்தால் ஸ்டோரில் இருப்பவர் செய்ய வேண்டியது இரண்டே வேலை. பிளக் பாக்ஸைச் சுவரிலிருந்து பிடுங்குவது, ஆண்டெனா வயரை மோடத்திலிருந்து திருகிக் கழற்றுவது. இடி மேலே வந்த பிறகு அதைத் தொட வேண்டாம், முதல் முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே செய்துவிட வேண்டும். அதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி மோடத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுத்தான் நான் ஜீப் ஏறுவேன்.